பூட்டின் மேல் ஐந்து விரல்கள்

ஜூன் 3, செவ்வாய்

வக்கீல் வீட்டுப் பழைய கதவுப் பூட்டை, துரு எடுக்கத் தொட்டியில் இறக்கினேன். தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். சிவப்பு வயர் கழிவு இரும்புத் தகட்டுக்கு, கறுப்பு வயர் பூட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் பூட்டே கரைந்துபோகும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

விரலிடுக்கில் அரிப்பு இன்னும் போகவில்லை. ரப்பர் கையுறை ஆகாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வருடம் கழித்து வெறுங்கையோடு வேலை. சுகமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5

பூட்டு ஜம்மென்று வெளியே வந்தது. கறுப்புச் சேற்றைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, சூடு காட்டி, எண்ணெய் போட்டு மேஜையில் வைத்தேன்.

ஜூன் 6

காலையில் ஷட்டரைத் தூக்கினால், பூட்டின் மேல் ஐந்து பழுப்புத் துருத் திட்டு. ஒரு ஓரத்தில் நான்கு, எதிர் ஓரத்தில் ஒன்று. விரல்கள். யாரோ பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு வைத்த மாதிரி.

விரல் வரிசையைப் பார்த்தால் இடது கை. அண்ணன் இடதுகைக்காரன்.

ஜூன் 7

எழுதிவிடுகிறேன். அண்ணனும் நானும் சேர்ந்துதான் இந்தப் பட்டறையை ஆரம்பித்தோம். அவனுக்கு உள்ளங்கை எப்போதும் ஈரம். சிலர் கை பட்ட இரும்பு மறுநாளே துருப்பிடிக்கும். அது அவன் கை என்று நான்தான் சொல்வேன். "துருக்கை" என்று பெயர் வைத்ததும் நான்தான். அவனும் சிரிப்பான்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு பெரியவருக்குப் பழைய தராசுத் தண்டு ஒன்றைப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் தூக்கிக்கொண்டு வந்தார். தண்டு முழுக்க விரல் தடம். அவர் முன்னாலேயே அண்ணனிடம், "இந்தக் கைய வெச்சுக்கிட்டு இனிமே பட்டறைப் பக்கமே வராதே" என்று கத்தினேன். அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனான். போனவன் போனவன்தான். அண்ணி மாடியில் தனியாக இருக்கிறார். அன்றிலிருந்து நான் கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டதில்லை, இந்த வாரம் வரை.

ஜூன் 9

சனிக்கிழமை எல்லாவற்றையும் துடைத்து எடுத்து மறுபடி எண்ணெய் போட்டிருந்தேன். இன்று மறுபடி. அதே ஐந்து. ஷட்டர் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பின்கதவும் தாழ் போட்டபடி இருந்தது.

பயத்தில் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "அவர்தான் தம்பி. வந்து பாத்துட்டுப் போறார்" என்றார். அழவில்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. பின்கதவுத் தாழை அவரே எடுத்துவிட்டார்.

ஜூன் 10

அண்ணி சொன்னார்: "நேத்து மத்தியானம் கீழ இருமுற சத்தம் கேட்டுச்சு. அதே இருமல்." நேற்று மத்தியானம் நான் வக்கீல் வீட்டில் இருந்தேன். பட்டறையில் ஆள் இல்லை.

ஜூன் 11

துடைத்து எண்ணெய் போட்டும் மூன்றாம் தடவை. இம்மி பிசகாமல் அதே இடம். அண்ணா, நீயா? வந்தால் என்னை எழுப்பித் திட்டிவிட்டுப் போயேன்.

ஜூன் 13

எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வலது கையில் துணி. அந்தக் கை முழுக்க எண்ணெய். எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். பூட்டைப் பிடித்திருந்தது என் இடது கை. எண்ணெய் படாத, காய்ந்த, வெறும் கை. ஒரு ஓரத்தில் நான்கு விரல், எதிர் ஓரத்தில் கட்டைவிரல்.

இல்லை. இருக்காது. என் கை ஈரமே இல்லாத கை.

சுத்தமான தகடு ஒன்றை எடுத்து இடது கையை அழுத்திப் பதித்தேன். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

ஜூன் 14

பதிந்திருக்கிறது. கட்டைவிரல் தடத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. பத்து வயதில் பிளேடு வெட்டிய தழும்பு.

பெரியவர் திருப்பிக் கொடுத்த தராசுத் தண்டைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டதோடு சரி, நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. இன்று பிரித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டைவிரல் தடத்திலும் அந்தக் கோடு இருக்கிறது. ஒவ்வொன்றிலும்!

அண்ணன் கை வெறும் ஈரம். அவன் தொட்டதையெல்லாம் நானும்தானே தொட்டேன்?

ஜூன் 15

அண்ணி இன்று அவன் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டார். பாடிக்கொண்டே போட்டார். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? நம்பிக்கையோடு இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு நஷ்டம்? — இப்படி எழுதுகிறவன் என்ன மனுஷன்?

ஜூன் 16

சொல்லிவிட்டேன். தகட்டையும் தண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவரை எதுக்குத் தம்பி போகச் சொன்னீங்க?"

தண்டை மறுபடி சாக்கில் சுற்றினேன். அந்த இருமல் யாருடையது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜூன் 18

அண்ணி அண்ணனைத் தேடிக் கிளம்பிவிட்டார். ஒரே ஒரு பை. நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். வாசலில் மாடியின் இரும்புச் சாவியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜையில் ஒரு துணியை விரித்து, சாவியை அதன்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.