நீலவால் வேண்டாம்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மா,

போனை எடுத்தாலே உன் காதுக் கருவி விசில் அடிக்கிறது. அதனால் இந்த நல்ல செய்தியையும் கடிதத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். ஆகஸ்டில் பிரசவம் என்று டாக்டர் சொல்கிறார். "முதல்ல அத்தைக்கு எழுதுங்க. ஊர்க் குழந்தையெல்லாம் அவங்க கையில பொறந்திருக்கு, நம்ம குழந்தைய வேற யாரு வாங்குறது?" என்று இரண்டு நாளாக என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

ஜூலையிலேயே நீ இங்கே வந்துவிட வேண்டும். எந்த விமானம் என்று அலசிப் பார்த்துவிட்டேன். புதுவீட்டுக்குக் குடிவந்தபோது உன்னை வரவழைத்தோமே, வாலில் நீலச் சாயம் பூசிய அதே நீலவால் விமானக் கம்பெனிதான் சரிப்படும். வழியில் ஒரே ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுகிறேன், அவர்களே தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிடுவார்கள். நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இறங்குகிற இடம் நம் வீட்டுக்கு அரைமணி தூரம்.

பாஸ்போர்ட்டை எடுத்து எப்போது முடிகிறது என்று பார்த்து எழுது. முழங்கால் வலி தேவலையா?

உன் மகன்

பிப்ரவரி 24

என் அருமைப் புகார்ப்பெட்டிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருமகளை நன்றாகத் தூங்கச் சொல். வாந்தி இருந்தால் ஒரேயடியாகச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல். நான் வராமல் யார் வருவார்கள்? முப்பது வருஷம் பிரசவ வார்டில் சிஸ்டராக இருந்தவள், சொந்தப் பேத்தியையோ பேரனையோ வாங்க மாட்டேன் என்றா சொல்வேன்? இப்போதே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், போ.

ஆனால் நீலவால் வேண்டாம்டா. அதில் கால் நீட்ட இடமில்லை, முழங்கால் முன்சீட்டில் இடிக்கிறது. டீ என்று ஒன்று கொடுத்தார்கள், வெந்நீருக்குச் சாயம் போட்ட மாதிரி இருந்தது. சிரித்துப் பேசத் தெரியாத பெண்கள். ஏறினால் அங்கே வந்துதான் இறங்குகிற விமானம் ஒன்று இருக்கிறதாமே, கீழ்வீட்டுக்காரர் அதில்தான் போய்வந்தார். அதில் போட்டுவிடு.

எட்டு வயதில் வகுப்பில் பெஞ்சு ஆடுகிறது என்று தலைமையாசிரியருக்கு மனு எழுதிக்கொண்டு போனாய். அன்றைக்கு உன் அப்பா வைத்த பெயர் புகார்ப்பெட்டி. இன்றைக்கு அத்தனை பெரிய கடையில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவுக்கே தலைவனாகிவிட்டாய். உனக்கு ஒரு டிக்கெட் மாற்றுவது பெரிய காரியமா?

அம்மா

மார்ச் 10

அன்புள்ள அம்மா,

உன் புகார்களை வரிசையாக எடுத்துக்கொண்டேன், எங்கள் ஆபீஸ் வழக்கப்படி. கால் நீட்ட ஓரத்துச் சீட்டு கேட்டு வாங்கிவிடலாம். டீக்குப் பதில் காபி குடி. சிரிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

நீ சொல்கிற நேர்விமானம் எங்கள் ஊருக்கு வருவதில்லை. இறங்குகிற இடத்திலிருந்து காரில் வர ஏழு மணி நேரம். நிறைமாதக்காரியைத் தனியாக விட்டுவிட்டு நான் அவ்வளவு தூரம் வந்து உன்னைக் கூட்டி வர முடியுமா, நீயே சொல். போன தடவை விமான நிலையத்தில் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "சௌகரியமா வந்தேன்" என்றாய். இப்போது டீ சரியில்லை, சீட் சரியில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதே. ஒரு வார்டையே கட்டி மேய்த்தவளுக்கு ஒரு விமானம் மாறப் பயமா?

தேதியை மட்டும் சொல். போட்டுவிடுகிறேன்.

உன் மகன்

மார்ச் 27

அன்பு மகனுக்கு,

பயமாம், பயம்! குழந்தை குறுக்கே கிடக்கிறது, டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை, வெளியே புருஷன்காரன் கத்துகிறான். அப்போதே பயப்படாதவள் நான். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசு.

நீ காரில் வர வேண்டாம். நேர்விமானத்தில் இறங்கி நானே பஸ் பிடித்து வருகிறேன். அங்கே பஸ் இல்லாமலா இருக்கும்? இல்லையென்றால் இரண்டு ஊர் மாறினாலும் பரவாயில்லை, வேறு கம்பெனி பார். நீலவாலைத் தவிர எதில் வேண்டுமானாலும் போடு, ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.

மருமகளுக்கு இப்போது எத்தனை எடை? ரத்தம் குறைவாக இருக்கிறதா என்று பார்த்தார்களா? அதைப் பற்றி ஒரு வரி எழுதக் காணோம். சீட்டு, காபி என்று ஒரு பக்கம் எழுதுகிறாய்.

அம்மா

ஏப்ரல் 12

அம்மா,

எனக்குப் பொறுமை போய்விட்டது. முழங்காலை வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் பஸ்ஸில் வருவாளாம், ஆனால் நீலவாலில் ஏற மாட்டாளாம். கேட்கிறவன் கேனையனா?

உன் மருமகள் நேற்று என்ன கேட்டாள் தெரியுமா? "அத்தைக்கு இங்க வரவே இஷ்டமில்லையோ? போன தடவை நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்று கேட்டுக் கண் கலங்கினாள். அவள் அம்மா எந்த விமானத்தில் வேண்டுமானாலும் நாளைக்கே கிளம்பத் தயாராக இருக்கிறார். எனக்குத்தான் நீ வர வேண்டும் என்று ஆசை. உனக்கு விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று எழுது. விமானத்தின் மேல் பழி போடாதே.

மகன்

ஏப்ரல் 28

அன்பு மகனுக்கு,

மருமகள் கண் கலங்கினாள் என்று எழுதியதால் இதை எழுதுகிறேன். அவள் ஒரு தப்பும் பேசவில்லை. அவளைப் போலத் தங்கமான பெண் உனக்குக் கிடைத்தது உன் அதிர்ஷ்டம்.

போன தடவை நான் சௌகரியமாக வரவில்லை. அந்த இடைப்பட்ட ஊரில் நாற்காலி தள்ள வந்தவன் என்னை ஒரு தூணோரம் நிறுத்தி, பிரேக்கைப் போட்டான். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிஷம் என்று விரலை விரித்துக் காட்டிவிட்டுப் போனான். அவன் வேலைநேரம் முடிந்து வீட்டுக்கே போய்விட்டான் போலிருக்கிறது. முழங்கால் வீங்கிக் கிடந்தது, பிடிமானம் இல்லாமல் இரண்டடி வைக்க முடியாது. பாஸ்போர்ட் கையில் இல்லாமல் எங்கே நகர்வது? ஒலிபெருக்கியில் ஏதேதோ சொன்னார்கள், என் காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். கழிப்பறைப் பலகை கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்தாள், கையைப் பிடித்துக் கேட்டேன். ஏதோ சொன்னாள், சிரித்தாள், போய்விட்டாள். இன்னொருவரைக் கேட்டேன். கடைசியில் கேட்பதற்கும் வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எத்தனை நேரம்தான் இருக்க முடியும்? உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டேன்டா.

என் பாஸ்போர்ட்டோடு வேறொருவன் வந்தான். நாற்காலியைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டே தள்ளினான். மாற்றுத்துணி பெட்டியோடு போய்விட்டது. அப்படியே விமானத்தில் ஏற்றினார்கள். பக்கத்துச் சீட்டுப் பெண் எழுந்து போய் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

நீ பூங்கொத்தோடு நின்றாய். கட்டிக்கொள்ள ஓடி வந்தாய். "அழுக்கா இருக்கேன்டா, குளிச்சிட்டு வர்றேன்" என்று தள்ளிவிட்டேன். உன் முகம் வாடிப்போனது. காரில் ஏறியதும் நீ நாலு கண்ணாடியையும் இறக்கினாய். உன்மேல் தப்பில்லை, உனக்கு என்ன தெரியும்?

என் வார்டில் ஒரு பெண் ஈரத்துணியோடு கிடந்தால் நர்ஸுப் பிள்ளைகளை நிற்கவைத்து வறுத்து எடுத்திருக்கிறேன். "அவ வாய்விட்டுக் கேக்க மாட்டா, நீதான் பார்க்கணும்" என்பேன். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கதி. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. திரும்பி வரும்போது அதே நீலவாலில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து சேர்ந்தேன்.

இதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் யாருமில்லை. உன் மனைவியிடம்கூடச் சொல்லாதே. நாளைக்கு அவள் முகத்தில் நான் விழிக்க வேண்டும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. வேறு எந்த விமானத்தில் போட்டாலும் ஓடி வருகிறேன்.

அம்மா

மே 30

என் அன்பு அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தக் கார்க் கண்ணாடியை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. உன்னை அடம் பிடிப்பதாகத் திட்டினேனே, மன்னித்துவிடு.

ஆனால் அழுதுகொண்டு சும்மா இருப்பவனா உன் பிள்ளை? தினமும் நூறு புகார் படிக்கிறவன் நான். எது வேலை செய்யும், எது குப்பைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். நானாகச் சொல்வதைவிட நீ எழுதியதே போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்கு உறைக்கும் என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் உன் மருமகளும் உட்கார்ந்து அதை வரிக்கு வரி மொழிபெயர்த்தோம். அவளுக்கு அழுகை தாங்கவில்லை. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் காட்டினேன். "இவ்வளவு வலுவான புகாரை நாங்க பார்த்ததே இல்ல" என்றார்கள்.

மூன்றே வாரத்தில் நீலவால் கம்பெனியின் பெரிய அதிகாரியே போன் செய்தார். அம்மா, ஜெயித்துவிட்டோம்! எழுத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். போகவர உனக்கு இலவச டிக்கெட், அதுவும் முன்பக்கத்துப் படுக்கைச் சீட்டு. அந்த ஊரில் இறங்கியதும் தனியாக ஓர் அதிகாரி உன் பெயர் எழுதிய அட்டையோடு வாசலிலேயே நிற்பார். விஷயம் முழுக்க அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். கழிப்பறைக்கு அழைத்துப் போகவே ஒரு பெண் கூட வருவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை இனி அவர்களுடைய ஊழியர் பயிற்சி வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறார்களாம். உன்னால் எத்தனை பேருக்கு நல்லது, பார்.

ஜூலை முதல் வாரத்துக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. இந்தத் தடவை உனக்கு ராஜமரியாதை. பெட்டியைக் கட்டு.

உன் புகார்ப்பெட்டி

ஜூன் 13

மகனுக்கு,

நான் வரவில்லை.

படித்ததும் கிழித்துப் போடு என்று எழுதினேன். தமிழில்தானே எழுதினேன்? உன் மனைவியிடம்கூடச் சொல்லாதே என்று எழுதினேன். அதையும் அவளை வைத்தே மொழிபெயர்த்திருக்கிறாய்.

அன்றைக்கு அங்கே என்னைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு என் முகம் மறந்திருக்கும். அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை நாள் தூங்கினேன். நீ உன் ஆபீஸைக் கூட்டிவைத்துப் பார்க்கச் சொன்னாய். இனி வருஷா வருஷம் புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் பார்ப்பார்கள். அந்த அதிகாரி என் பெயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். என்னைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் எது ஞாபகம் வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? ஜெயித்துவிட்டோமாம். யாரடா ஜெயித்தது? எனக்குப் படுக்கைச் சீட்டா குறை?

என்னை அங்கே விட்டுப் போனவன் யாரோ. அவனுக்கு நான் ஒரு நாற்காலி. நீ நான் பெற்ற பிள்ளை. எனக்கு ஆறவில்லை.

சம்பந்தியம்மாவை வரச் சொல். மருமகளுக்கு முகமோ காலோ வீங்கினால், தலைவலி நிற்காமல் இருந்தால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அம்மா

செப்டம்பர் 5

அம்மா,

ஆகஸ்டு கடைசியில் பெண் குழந்தை பிறந்தாள். தந்தி மாதிரி இரண்டு வரி அனுப்பினேன், கிடைத்ததா? போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. கீழ்வீட்டுக்காரர்தான் "அம்மா நல்லா இருக்காங்க, மாடியில நடக்கிறாங்க" என்றார்.

பிரசவம் சுலபமாக இல்லை. உள்ளே அவள் உன்னைத்தான் கூப்பிட்டாளாம், சொந்த அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. குழந்தைக்கு உன் மூக்கு. தும்மினால் நீ தும்முகிற மாதிரியே மூன்று தடவை தும்முகிறாள்.

நான் உனக்காகத்தானே சண்டை போட்டேன்? முன்பின் தெரியாதவர்கள் படித்தால் என்ன போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் ஆபீஸில் ஒருத்தி, "உங்க அம்மா வரலையா? அந்த ஏர்போர்ட் அம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிக்கு எழுதி அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரதிகள் பல கிளைகளுக்குப் போய்விட்டன, வாங்க முடியாது என்கிறார்கள்.

நீலவால் வேண்டாம். நேர்விமானத்திலேயே போடுகிறேன். நானே ஏழு மணி நேரம் காரில் வந்து வாசலில் நிற்கிறேன். திட்டியாவது நாலு வரி எழுதம்மா.

உன் மகன்

செப்டம்பர் 22

அன்புள்ள மகனுக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாயும் சேயும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் நலமே. இங்கே மூன்று நாட்களாக நல்ல மழை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காதுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.

குழந்தைக்குத் தடுப்பூசிகளைத் தவறாமல் போடவும். மருமகளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லவும். இப்போதைக்குப் பயணம் செய்யும் உத்தேசம் இல்லை.

வேறு விசேஷம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

இப்படிக்கு,
அம்மா