வீட்டுக்காரம்மா போடாத தோடு

பாரிஸ், மார்ச் 1912

அன்புள்ள அம்மாவுக்கு, ஃபெலியு வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இருமல்கூட நின்றுவிட்டது.

எரிச்சல்தான் நிற்கவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா மதாம் ஓசானை உட்கார வைத்து, இங்கே வந்திருக்கும் புதுப் பாணியில், எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பார்ப்பதுபோலத் துண்டு துண்டாக வரைந்தேன். நேற்று நண்பர்கள் வந்து படத்தை அலசினார்கள்.

"இது கிட்டார்தானே?" என்றான் லூசியன்.

"மண்டு, அது அந்தம்மாவோட இடுப்புடா!" என்றான் கஸ்தோன். சண்டை போட்டே என் ஒயினைக் காலி செய்தார்கள்.

பிறகு மதாம் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்ப்பா, நான் காதே குத்தலையே, இது யாரோட தோடு? கன்னம் இருக்கு, பின்கழுத்து இருக்கு, நேரா பாக்கிற மூஞ்சி மட்டும் எங்க போச்சு? இதுக்கா என்னை இத்தனை நாள் உக்கார வெச்ச?"

அது பவளத் தோடு, அம்மா. உங்களுடையது. நேராகப் பார்க்கும் அந்த முகத்தை எத்தனை முறை சுரண்டிவிட்டு வரைந்தும் வரவில்லை. எப்படி வரும்? ஓவியம் படிக்க நான் கிளம்பிய அன்று அடுப்பைப் பார்த்தபடியே நின்றீர்கள். போய்வருகிறேன் என்று சொல்லியும் திரும்பவில்லை.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும். இங்கே எதைத் தின்றாலும் வெண்ணெய். கூடவே உங்கள் புகைப்படம் ஒன்று.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். படம் எடுக்கும்போது நேராகப் பாருங்கள், அம்மா. கோபமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

உங்கள் ஃபெலியு