இழுக்கிற பாரம் கைக்குத் தெரியுமா?

இன்று காலை உம் மகன் மேலகரத்துக்கு வந்திருந்தான் வே. என் தோப்பில் நீர் இடம் பார்த்துப் போட்ட போர்வெல்லில் மோட்டார் சிக்கிக்கொண்டது. நீர் கடைசியாக வாங்கிய அதே கேமராவைத்தான் உள்ளே இறக்கினான். சாரலில் குடைக்குக் கீழே சின்னத் திரையை வைத்து இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். இருநூறு அடிக்குக் கீழே பாறை வெடிப்பில் தண்ணீர் கசிவதுகூடத் தெரிந்தது. ஈரக் கயிறும் கிரீஸும் கலந்த அந்த வாடை வந்ததும், நீரே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் அவன் இரண்டு தடவை தென்னைக்குப் பின்னால் போய்விட்டு வந்தான். நான் பார்ப்பதைக் கண்டு லேசாகச் சிரித்தான். "சாரல்லா மாமா, அதான்" என்றான். அவனுக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. நீர் சொன்ன அதே வார்த்தையைச் சொல்கிறான்.

நீர் அதைச் சொன்னபோது நான் இன்னும் போலீஸ் சர்வீஸில் இருந்தேன். குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. பேரருவியில் ஆண்கள் வரிசையை ஒழுங்குபடுத்துவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை, தலையில் எண்ணெய் வழிய வந்து வரிசையில் நின்றீர். அருவிக்குப் பக்கத்தில் வருவதற்குள் மூன்று தடவை வரிசையை விட்டு ஒதுங்கிப் போனீர். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன வே, அருவிக்கே போட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். வரிசையே சிரித்தது. நீரும் சிரித்தீர். "சாரல்லா ஏட்டையா" என்றீர். நான் எஸ்.எஸ்.ஐ. ஆன பிறகும் உமக்கு நான் ஏட்டையாதான்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீர் எடுக்கவில்லை. சாரல் முடிந்து ஐப்பசி அடைமழை வந்தது. மழை விட்டதும் மார்கழிப் பனி வந்தது. வருஷம் முழுக்க வானத்தின் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டீர். நம் ஊரில் அது ஒரு வசதி. பழி போட எப்போதும் ஏதாவது ஒரு ஈரம் இருக்கும். காய்ந்த ஊர்க்காரன் என்றால் முன்னாலேயே டாக்டரிடம் போயிருப்பான். பங்குனி வெயிலிலும் நிற்காமல் இடுப்பும் வலிக்கத் தொடங்கிய பிறகுதான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டீர். சதைப் பரிசோதனை முடிந்து, புராஸ்டேட் புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் மதுரைக்குப் போனோம்.

மதுரை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூத்திரப் பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி. நோய் அதற்குள்ளேயே இருந்தால் ரோபோ வைத்து எடுத்துவிடலாம் என்றார். வயிற்றில் ஐந்து சின்னத் துளை. ஒன்றில் கேமரா, மற்றதில் கருவிகள். "ரோபோ தானா ஒண்ணும் செய்யாது. நான் தள்ளி உட்கார்ந்து கையை அசைச்சாத்தான் அதோட கை அசையும்" என்றார். நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டேன். நீரோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டீர். போருக்குள் எட்டிப் பார்க்கிறபோது உமக்கு வருகிற அதே முகம்.

"சார், ஒரு சந்தேகம். இழுக்குற பாரம் உங்க கைக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலிக்குமா, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், இதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்றார். தன்னிடம் இருக்கிற மிஷினில் கைக்குத் தெரியாது, கண்தான் சொல்ல வேண்டும் என்றார். சதை எவ்வளவு விரைக்கிறது, எங்கே வெளுக்கிறது, நூல் எப்படி இறுகுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியதாம். திரும்பி வருகிற பஸ்ஸில் சிவகிரி தாண்டியும் உமக்கு அதே யோசனை. கயிற்றைத் தொட்டதுமே மோட்டார் எங்கே சிக்கியிருக்கிறது என்று சொல்கிறவர் நீர். கை சொல்லாமல் கண்ணை மட்டும் நம்பி ஒரு மனுஷன் எப்படி இழுப்பான் என்று என்னைப் போட்டுக் குடைந்தீர். எனக்கு என்ன தெரியும்?

அடுத்த வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. எலும்புக்குப் பரவிவிட்டது, இனி சுரப்பியை எடுத்துப் பயனில்லை, ஊசியும் மாத்திரையும் கொடுத்துத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். "அப்பம் மிசினு கிடையாதா சார்?" என்று மட்டும் கேட்டீர்.

அன்றைக்கே என் வயதையும் கேட்டு, என்னையும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் அதே நோய் உள்ளே இருந்தது, ஆரம்ப நிலையில். உமக்குக் கிடைக்காத ஆபரேஷன் எனக்குக் கிடைத்தது. அதைச் சொல்ல உம் வீட்டுக்கு வந்தபோது உம் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். நீர் கோபப்படவில்லை. "உள்ள போனதும் பயந்து கண்ண மூடிராதேயும் ஏட்டையா. நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லும்" என்றீர்.

உமக்காகவே பார்த்தேன் வே. மூக்கில் மாஸ்க் வைப்பதற்கு முன் ஒரு நிமிஷம்தான் கிடைத்தது. நாலு கை, எல்லாவற்றுக்கும் கண்ணாடித்தாள் உறை. மூலையில் ஒரு பெரிய பெட்டிக்கு முன்னால் டாக்டர் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். கீழே மிதிகட்டைகள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

மூத்திர டியூபை எடுத்த மறுநாளே வந்து சொன்னேன். படுத்திருந்த நீர் செருப்பு என்றதும் பாதி எழுந்துவிட்டீர். "வெறுங்காலா? அப்பம் அவருக்கும் எங்கனயாவது ஒரு இடத்துல தொட்டுத் தெரியணும்லா வே" என்றீர். அத்தனை வலியிலும் உமக்கு அப்படி ஒரு சந்தோஷம். மற்றதையும் சொன்னேன். இருமினால் ஒழுகுகிறது, தும்மினால் ஒழுகுகிறது. மூன்று மாதமாவது பேடு வைக்க வேண்டும், அடிவயிற்றை இறுக்கி இறுக்கிப் பயிற்சி செய்ய வேண்டும்.

"அருவிக்கு இப்பம் யாரு வே போட்டி?" என்று சிரித்தீர்.

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்: "அன்னைக்கு அத்தன பேரு சிரிக்கலன்னா உம்மட்ட சொல்லிருப்பேன்." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த சாரலுக்கு நீர் உயிரோடு இல்லை.

இன்று மோட்டார் மேலே வந்து சேர்ந்ததும் வேலையாட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு உம் மகனை உட்கார வைத்தேன். எத்தனை நாளாக இருக்கிறது, நின்றால் உடனே வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். சர்வீஸில் எத்தனை களவாணியை விசாரித்திருப்பேன். இப்படி ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. அவன் தரையைப் பார்த்தான். விடுங்க மாமா என்றான். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். ஐந்து தழும்பையும் குனிந்து பார்த்தவன், கேமரா எது வழியாகப் போனது என்று கேட்டான். உம் மகன்தான், சந்தேகமே இல்லை. தொப்புளுக்கு மேலே இருப்பதைத் தொட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு இந்த நோய் இருந்தால் ஆண்பிள்ளைகள் நாற்பதிலேயே ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதையும், இது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்பதையும் சொன்னேன்.

அவன் கேமரா வயரைச் சுற்றத் தொடங்கினான். சுற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்பாட்ட யாராவது இப்படிக் கேட்டாங்களா மாமா?"

இல்லை, நான் கேலிதான் செய்தேன் என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தென்காசியில் லேப் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டான். ஏழு மணிக்கு என்றேன். நீங்களும் வாங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அன்று வரிசையில் நின்று சிரித்தவர்களுக்கெல்லாம் அது அப்போதே மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை வே. நாளைக் காலை ஏழு மணிக்கு அதையும் சுமந்துகொண்டுதான் உம் மகன் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன்.