அது தோலில் வரும் படை இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு, லீட்ஸிலிருந்து தப்ரேஸின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று போனில் "எனக்கும் ஒரு படை வந்திருச்சும்மா" என்று நான் சொன்னதும் லைன் அறுந்துவிட்டது. செத்த நேரத்தில் பாஸிலா அக்கா மெசேஜ் போட்டாள்: "ஏலே, எங்கடா படை? கையிலயா, கழுத்துலயா? அம்மா பேகம்பூர் பூராம் களிம்பு தேடி அலையுது!"

உடம்பில் ஒன்றும் இல்லை அம்மா. இது போர்ப் படை. கூட வேலை பார்க்கும் டேவிட் சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு மேசையில் விரல் உயரப் பொம்மை வீரர்களை நிறுத்திப் போர் விளையாடுவான். என்னையும் சேர்த்துக்கொண்டான். முதல் படைக்கு யாரை எடுப்பது என்று கடையில் வெகுநேரம் திணறினேன். பறக்கும் பாம்பின்மேல் ஏறிய ராஜாவைத்தான் எல்லோரும் எடுக்கச் சொன்னார்கள். நான் தலைக்கவசம் போடாத ஐந்து சிப்பாய்களை எடுத்தேன். அவர்களுக்குத்தான் முகம் தெரிந்தது. ஒருவனுக்கு அத்தாவின் தாடி.

நாமேதான் வர்ணம் பூச வேண்டும். அத்தாவின் தாடியில் மருதாணிச் சிவப்பு எவ்வளவு என்று மறந்துவிட்டது. அவரை வெயிலில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்ப அக்காவிடம் சொல்லுங்கள்.

வேலைக்கு நேரமாகிறது. களிம்பு வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் அனுப்பிவிடுங்கள் அம்மா. தேவையில்லைதான். பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் மகன்,
தப்ரேஸ்