பையோடு சேர்த்து ஏழு கிலோ

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்பெனியில் எங்கள் உற்பத்தி லைனையே குஜராத்துக்குத் தூக்குகிறார்களாம். செப்டம்பர் ஒன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும், வராதவர்கள் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர் ஹரீஷ்குமார். முப்பத்தொன்பது வயதில் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவத்தில் 'உடன் வரும் குடும்பத்தினர்' என்று ஒரு கட்டம் இருந்தது. கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் போல்ட். கம்பெனி பஸ் ஹாரன் கேட்டாலே வந்து நின்றுவிடும் பூனை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்கிராப் தொட்டியில் கத்திக்கொண்டு கிடந்தது. இதை என்ன செய்ய?

ஆகஸ்ட் 6

வீட்டுக்கார சரோஜம்மாளிடம் கேட்டேன். "மார்க்கெட்ல கொண்டுபோய் வுட்டுடு கண்ணு, அது பொழச்சிக்கும்" என்கிறார். வாயைத் திறந்தால் சண்டையாகும் என்று வந்துவிட்டேன்.

தம்பி விமல்ராஜ், "எங்கிட்ட வுடுக்கா" என்கிறான். விடலாம்தான். அப்புறம் அங்கே நான் யாருக்காகக் கதவைத் திறப்பது?

ஆகஸ்ட் 9

ரயில் என்றால் முதல் வகுப்பில் தனி அறையே எடுக்க வேண்டுமாம். விமானத்தில் கூடவே கொண்டுபோகலாம் என்று ஒரு கம்பெனி போட்டிருக்கிறது. விதிகளைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பை மெத்தென்று இருக்க வேண்டும், முன் சீட்டுக்கு அடியில் போக வேண்டும். இறங்கும்வரை பையைத் திறக்கக் கூடாது. தடுப்பூசிச் சீட்டு, டாக்டர் சான்று, இரண்டு நாள் முன்னால் தகவல். கடைசியில் ஒன்று: பையோடு சேர்த்து ஏழு கிலோ.

தினம் பீஸ்களுக்கு நான் செய்வதுபோல் பூனைக்குக்கூட இன்ஸ்பெக்‌ஷன். சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 12

மிருக டாக்டரின் எடை மெஷினில் போல்ட் மட்டும் ஆறு முந்நூறு. பை ஒரு கிலோ நானூறு. "சாப்பாட்டைக் குறைங்கம்மா" என்றார்.

ஆகஸ்ட் 16

கத்துகிறது. தட்டைத் தள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் போடுகிறது. பாவி நான். இன்றைக்கு நானும் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போல்ட்டோடு தம்பி ஊரான ராயக்கோட்டை போனேன். விமல் தக்காளி மண்டியில் எடை போடுகிறவன். பையின் அடி தொங்குகிறது என்று ஒரு பலகை வெட்டி வைத்தான், மேலே மெத்தை. "மேல நல்லா உக்காரும்க்கா." பிறகு போல்ட்டைப் பைக்குள் விட்டு மண்டி மெஷினில் தூக்கி வைத்தான்.

ஆறு எண்ணூறு!

பலகையோடு, மெத்தையோடு. மண்டி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பட்டினி போதும்டா செல்லம். வரும்போது மீன் வாங்கினேன்.

ஆகஸ்ட் 27

தடுப்பூசிச் சீட்டு, சான்று எல்லாம் தயார். பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் வைத்து மூன்று தடவை அளந்தேன். இன்றும் மீன்.

ஆகஸ்ட் 30, சனி

எட்டு நானூறு. ஏர்போர்ட் கவுன்டரில் எட்டு நானூறு.

மெஷின் தப்பு என்றேன். அந்தப் பெண் பக்கத்து மெஷினிலும் வைத்துக் காட்டினாள். பலகையை உருவினேன், மெத்தையை எடுத்தேன். ஏழு எழுநூறு. "ஆகல்லா மேடம்" என்றாள் கன்னடத்தில், ஆகாது என்று. லக்கேஜோடு ஏற்றவும் முடியாதாம், அதற்கு வேறு பெட்டி, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பாவம், அவள் மேல் என்ன தப்பு?

வெளியே காத்திருந்த விமலுக்குப் போன் போட்டு எடையைச் சொன்னேன். "அக்கா... மண்டி மெஷின்ல தக்காளிப் பொட்டி எடைக்குன்னு ஒன்றரை கிலோ தானா கழிஞ்சுதான் காட்டும். தெனம் தக்காளி எட போட்டுப் போட்டு, எனக்கு அது தோணவே இல்லக்கா" என்றான். அழுதான்.

அவனை என்ன சொல்ல? பதினெட்டு வருஷமா அடுத்தவங்க வேலையில குத்தம் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கறவ நான். ஒரு பீஸ் அளக்கறதுக்கு முன்னாடி மெஷின் பூஜ்யத்துல நிக்குதான்னு பாக்காம தொட மாட்டேன். அன்னிக்கு ஏன் பாக்கல? நான் கேக்க ஆசப்பட்ட நம்பர அது காட்டுச்சு, அவ்ளோதான். ஐயோ, மீன் வேற வாங்கிப் போட்டேனே.

வாசலில் விமல் கையில் பையைக் கொடுத்தேன். போல்ட் வலைக்குள்ளிருந்து பார்த்தது. கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 1

வேலையில் சேர்ந்தேன்.

செப்டம்பர் 11

இங்கேயும் கம்பெனி பஸ்தான், அதே மாதிரி ஹாரன். இறங்கியதும் கீழே குனிந்து பார்க்கிறேன். பக்கத்து அறைப் பெண் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து என்னோடு சேர்ந்து தேடினாள். ஹிந்தியில் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 20

"நல்லாத்தான் இருக்குதுக்கா" என்கிறான் விமல். வீடியோவில் காட்டச் சொன்னால் வண்டியில் போகிறேன் என்கிறான்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்றைக்கு அவனே வீடியோவில் கூப்பிட்டான். போல்ட் மடியில் இருந்தது. கழுத்தெலும்பு தெரிகிறது. மீன் வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறதாம். சாயங்காலம் மண்டியில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் கேட்டுக்கு ஓடிப்போய் நிற்கிறதாம். லாரி ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போனபிறகுதான் திரும்பி வருகிறதாம்.

"உங்கிட்ட மறச்சிட்டேன்க்கா. இன்னிக்கு எட போட்டேன். மெஷின பூஜ்யத்துக்குக் கொண்டாந்துட்டு, பையோட. பலக வெக்கல."

"எவ்ளோடா?"

"ஆறு எண்ணூறு."

இப்போது விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது.

அக்டோபர் 6

நான்கு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். சேர்ந்து ஒரு மாதம்தானே ஆகிறது என்று முறைத்தார்கள். முறைக்கட்டும். காரணம் என்ற கட்டத்தில், 'குடும்பத்தை அழைத்து வர' என்று எழுதினேன்.