இடப்பக்கம் இருந்த பாறை

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே பாப்பாவுக்கு ஒரு பல் முளைத்திருக்கிறது, கடியெல்லாம் எனக்கு. நடுக்கடலில் உங்களுக்குப் போன் கிடைக்காது, அதனால் சாமான் கொண்டுவரும் படகில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எதிரொலியைக் கணக்கிட்டுப் பாறையைக் காட்ட வேண்டிய நம் சோனார், இடப்பக்கப் பாறையை வலப்பக்கம் காட்டியதாமே. ஓட்டுநர் அதை நம்பித் திருப்பி, படகின் அடி உரசிவிட்டதாமே. அதற்கு நான் வடிவமைத்த சர்க்யூட் போர்டைக் கணினிச் சிமுலேஷனில் எத்தனையோ முறை ஓட்டிவிட்டேன், குறையே இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். படகின் அடியில் எதிரொலியைக் கேட்கும் மைக்குகளைப் பூட்டும்போது கேபிளை மாற்றிச் சொருகியிருப்பீர்களோ?

அன்புடன்,
உங்கள் வாலு

மார்ச் 8

அடி வாலு,

கோபமெல்லாம் இல்லை. நானே முங்கிப் பார்த்தேன், கேபிள் சரியாகத்தான் இருக்கிறது. மைக் வரிசையின் படம் கீழிருந்து பார்த்து வரைந்தது. நீ மேலிருந்து பார்த்ததாக நினைத்து போர்டுக்குள் மைக்குகளுக்கு எண் போட்டிருக்கிறாய். அதனால் இடம் வலமாகிவிட்டது. சிமுலேஷனுக்கும் அதே வரிசையைக் கொடுத்தால் அது எப்படித் தப்பென்று சொல்லும்?

நம் மேலாளர் படகுக்கே வந்து கேட்டார். "நான்தான் சார், கேபிள மாத்திச் சொருகிட்டேன்"னு சொல்லிட்டேன். "கண்ண எங்கம்மா வச்சிருந்த?"ன்னார். "தண்ணிக்குள்ள சார்"னேன். சிரிச்சுட்டுப் போயிட்டார்.

உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, கைக்குழந்தை வேறு. திருத்திய புரோகிராமை அனுப்பு, சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறேன். நீ வாயைத் திறக்காதே.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

திருத்திய புரோகிராம் பென்டிரைவில் இத்துடன் வருகிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உங்கள் கையைச் சந்தேகப்பட்டு எழுதியவள் நான்.

பொறுக்க முடியாமல் இன்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவே இல்லை அக்கா. "இப்பவாவது சொன்னியேம்மா" என்றார். பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது. இனி உங்கள் பேர் கெடாது.

உங்கள் வாலு

மார்ச் 20

தங்கைக்கு,

புரோகிராம் நன்றாக ஓடுகிறது. பாறை இடப்பக்கமே தெரிகிறது.

மேலாளர் மறுபடி படகுக்கு வந்திருந்தார். கை தவறியதை மன்னித்தவர், பொய்யை மன்னிக்கவில்லை. "இனி நீ 'சரியா இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டா யாரு நம்புறது?" என்றார். கரையில் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இனிப் படகு கிடையாது.

நீ உண்மையைத்தான் சொன்னாய். போவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாப்பாவுக்கு முத்தம். இனி எழுத வேண்டாம்.

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். கிடங்கு என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. மதியம் பாதி வழி வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் பேரைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒட்டவில்லை. என் கூச்சத்தைக் கழுவிக்கொண்டேன், அழுக்குத் தண்ணீர் உங்கள் மேல் விழுந்தது.

இன்று என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் என் நேர்மையைப் பாராட்டினார், அத்தனை பேரும் கை தட்டினார்கள். உங்கள் பேரை அங்கே யாரும் எடுக்கவில்லை.

நானும் எடுக்கவில்லை அக்கா.

வாலு