முட்டுகிற மாடு

தலவாக்கலை, 15 ஜனவரி 1957

பொன்னம்மாவின் தொடையில் இறங்கியது என் மாட்டின் கொம்பு.

மாட்டுப் பொங்கல் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லா மாட்டுக்கும் கொம்பு சீவிச் சாயம் பூசினார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, "வேதக்காரவங்க மாடுன்னா மூளியா நிக்கணுமா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே மாலையோடு வந்தாள். நான் தடுக்கவில்லை. குத்துப்பட்டவளை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் நின்றுவிட்டதாம். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லையாம்.

போன வாரம் அது என்னையும் முட்டியது. தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். முட்டுகிற மாடு என்று தெரிந்தால் துரை அதை இங்கே வைத்திருக்க விடமாட்டார். குடியிருக்கும் வீடுகூடத் தோட்டத்துடையது. எனக்கென்று சொந்தமாக இருப்பது அந்த மாடு ஒன்றுதான். விலாவில் கன்றிய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் மோசேயின் சட்டத்தை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் தடவை முட்டினால் உடையவன் மேல் பழியில்லை. முட்டும் என்று தெரிந்தும் கட்டிவைக்காமல், அது ஆளைக் கொன்றுவிட்டால், உடையவன் உயிரும் போகும். கர்த்தரே, பொன்னம்மாவுக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது.

பொழுது சாய அவள் புருஷன் முத்தையா வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வாயில்லா சீவன், அதுக்கென்ன தெரியும்? நீங்கதான் ரொம்பப் பயந்து போயிருக்கீங்க டீச்சர். காலையில நானே வந்து பால் கறந்து தர்றேன்."

நான் தலையாட்டிவிட்டேன்.

விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே வந்துவிடுவார். பட்டியில் அது கொம்பைக் கம்பத்தில் உரசுகிறது. இங்கே கேட்கிறது.